சிறுநீர் மண்டல மாதிரித் தொகுப்பு: ஏற்காட்டு வகுப்பறையில் ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சேர்வராயன் மலையிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், சேலம் டவுனில் பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில், மனிதச் சிறுநீர் மண்டலத்தைக் காட்டும் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பு ஒன்றை 4,600 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் பாதித் தொகையை எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் கொடுத்தார்கள். இரண்டு அட்டைப் பெட்டிகளையும் மடியில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு கையால் முன் இருக்கைக் கம்பியையும் மறு கையால் பெட்டிகளையும் பிடித்தபடி மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். நாற்பது பிள்ளைகள் ஓராண்டு முழுவதும் தொட்டும் திருப்பியும் கேள்வி கேட்டும் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால், அவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காகச் சேலத்துக்கு இறங்கி, நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, சோர்ந்த உடம்போடு மறுபடி மலையேறி வருகிறார். ஒன்பதாம் வகுப்பில் கழிவுநீக்க மண்டலம் பாடம் தொடங்கிய அன்று அந்தப் பையன் எழுந்து, "கிட்னி பண்ற வேலைய மெஷின் எப்படி டீச்சர் பண்ணுது?" என்று கேட்டான். கரும்பலகையில் ஓர் அவரை விதையை வரைந்து, அதிலிருந்து இரண்டு கோடுகளை இழுத்து, கீழே ஒரு பையை மாட்டிவிட்டு அவனுக்குப் பதில் சொல்லிவிட முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அந்த வாரச் சனிக்கிழமையே கடைக்குப் போனேன்.

தொகுப்பில் இரண்டு பலகைகள் உள்ளன. முதல் பலகையில் இரு சிறுநீரகங்கள், மகாதமனி, கீழ்ப்பெருஞ்சிரை, சிறுநீர்க்குழாய்கள், முன்பக்கம் திறந்து காட்டிய சிறுநீர்ப்பை ஆகியவை ஏறக்குறைய இயல்பான அளவில் பொருத்தப்பட்டிருக்கின்றன. இரண்டாவது பலகையில் ஒரு சிறுநீரகத்தின் நீள்வெட்டும், சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண் அலகான நெஃப்ரான் ஒன்றும், அந்த நெஃப்ரானின் தலையிலிருக்கும், தந்துகிகள் என்னும் மயிரிழை இரத்தக்குழாய்களாலான குளோமருலஸ் முடிச்சும் பெரிதாக்கிக் காட்டப்பட்டிருக்கின்றன.

முதல் பலகையைப் பொறுத்தவரை எனக்குப் பெருங்குறை இல்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு சிறுநீரகமும் 11 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. வளர்ந்த மனிதரின் சிறுநீரகம் 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பதால் இது சரியே. மேலே கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். மாதிரியில் அது ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கிறது. இடது சிறுநீரகத்திலிருந்து வரும் சிரை, மகாதமனிக்கு முன்னால் குறுக்கே சென்று கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்வதையும் பிழையின்றிச் செய்திருக்கிறார்கள். உறுப்பு தானம் செய்பவர்களிடமிருந்து பெரும்பாலும் இடது சிறுநீரகத்தை எடுப்பதற்கு, அந்தச் சிரை நீளமாக இருப்பதே முக்கியக் காரணம் என்று சொன்னபோது, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அந்த நீலக் குழாயை விரலால் தடவிப் பார்த்தார்கள்.

சிறுநீரகங்கள் முதுகுப்புறமாக, கீழ்விலா எலும்புகளின் காப்பில், குடல்களுக்கெல்லாம் பின்னால் இருப்பவை. இந்தப் பலகையில் முதுகெலும்போ விலா எலும்போ இல்லாததால், அவை அடிவயிற்றில் இருப்பதாகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பலகையை ஒரு மாணவனின் முதுகில் வைத்து, இடுப்பெலும்பு எங்கே, கடைசி விலா எங்கே என்று தொட்டுக்காட்டித்தான் அந்த எண்ணத்தை மாற்றினேன்.

கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காய் வாங்கி அறுத்துக் காட்டினால் போதாதா, இவ்வளவு செலவு எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் காட்டி வந்தேன், இப்போதும் காட்டுகிறேன். ஆனால் ஆட்டின் சிறுநீரகத்தில் உட்பகுதியின் கூம்புகளெல்லாம் ஒன்றாக இணைந்து ஒரே முகடாகத் தெரியும். மனிதச் சிறுநீரகத்திலோ அவை தனித்தனிக் கூம்புகளாக, எட்டு முதல் பதினெட்டு வரை இருக்கும். புத்தகத்தில் அந்தக் கூம்புகளைப் படித்துவிட்டுக் குண்டிக்காயில் அவற்றைத் தேடும் பிள்ளை குழம்பிப்போகும். இரண்டாவது பலகையின் நீள்வெட்டு இந்தக் குறையைத் தீர்த்தது. வெளிப்புறப் புறணியை வெளிர் பழுப்பிலும், கூம்புகளை அடர்சிவப்பில் கோடுகள் ஓடும்படியும், அவற்றின் நுனிகள் கிண்ணங்களுக்குள் இறங்கிச் சிறுநீர் சேரும் புனலில் முடியும்படியும் அழகாகச் செய்திருக்கிறார்கள். ஆட்டுக் குண்டிக்காயில் ஈரத்தையும் மணத்தையும் மென்மையையும் காட்டிவிட்டு, இந்த வெட்டில் அமைப்பைக் காட்டுவதே சரியான வழி என்பது என் அனுபவம்.

குளோமருலஸ் மாதிரி 700 மடங்கு பெரிதாக்கப்பட்டது என்று பெட்டியில் ஒட்டிய தாளில் இருக்கிறது. உண்மையான முடிச்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் குறுக்களவு கொண்டது. மாதிரியின் குறுக்களவு 14 சென்டிமீட்டர். பிள்ளைகளையே பெருக்கிப் பார்க்கச் சொன்னேன், கணக்குச் சரியாக வந்தது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இப்படிப்பட்ட நெஃப்ரான்கள் சுமார் பத்து லட்சம் இருக்கின்றன என்று சொன்னபோது வகுப்பில் எழுந்த முணுமுணுப்புக்காகவே இந்தப் பலகையை வாங்கியிருக்கலாம்.

ஆனால் பெரிய பிழையும் இங்கேதான் இருக்கிறது. முடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் உட்செல் நுண்தமனிக்குச் சிவப்பும், வெளியே கொண்டுபோகும் வெளிச்செல் நுண்தமனிக்கு நீலமும் பூசியிருக்கிறார்கள். நீலத்தைப் பார்த்தால் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் என்றுதான் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். இந்த முடிச்சில் இரத்தம் வடிகட்டப்படுகிறதே ஒழிய, ஆக்சிஜனை இழந்து சிரை இரத்தமாக மாறிவிடுவதில்லை. வெளியே வருவதும் தமனி இரத்தமே. உடலின் மற்ற இடங்களில் தந்துகிகளைக் கடந்ததும் சிரை தொடங்கிவிடும். இங்கே மட்டும் ஒரு தந்துகி முடிச்சைக் கடந்தபின் மறுபடி ஒரு நுண்தமனி, அதன்பின், முடிச்சில் வடிந்த நீரை ஏந்திச் செல்லும் நுண்குழலைச் சுற்றிப் படரும் இரண்டாவது தந்துகி வலை என்று ஓர் அரிய ஏற்பாடு இருக்கிறது. அந்த அருமையையே இந்த நீலச் சாயம் மறைத்துவிடுகிறது. மூன்றாம் நாளே சிவப்பு எனாமல் பெயின்ட் வாங்கி அந்தக் குழாயை நானே பூசினேன்.

சாயத்தை மாற்றிவிட முடிந்தது, பருமனை மாற்ற முடியவில்லை. உள்ளே வரும் குழாய் அகலமாகவும் வெளியே போகும் குழாய் குறுகியும் இருக்க வேண்டும். தோட்டத்து டியூபின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறுவதுபோல, அந்த அகல வேறுபாடுதான் முடிச்சுக்குள் அழுத்தத்தை உயர்த்தி, நீரையும் சிறு மூலக்கூறுகளையும் வெளியே தள்ளுகிறது. இந்த மாதிரியில் இரண்டும் ஒரே பருமன். சிறிய விஷயம் என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எங்கள் பிள்ளைகளின் தாய்மார் நாள் முழுவதும் சரிவில் நின்றுவிட்டு, உடம்பு வலிக்குப் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, சரியாகத் தண்ணீரும் குடிக்காமல் மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். வலி மாத்திரைகளில் பல, உட்செல் நுண்தமனியை விரிந்த நிலையில் வைத்திருக்கும் வேதிப்பொருள் உருவாவதைத் தடுப்பவை. அந்தக் குழாய் சுருங்கினால் முடிச்சுக்குள் அழுத்தம் விழும், வடிகட்டுதல் குறையும். உடலில் நீரும் வற்றியிருந்தால் கேடு இன்னும் கூடும். இதை வாயால் சொல்வதைவிட, அகலமான ஒரு குழாயையும் குறுகிய ஒரு குழாயையும் கையில் பிடித்துக் காட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பெண் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வாள். அந்த வாய்ப்பைச் செய்தவர்கள் தவறவிட்டிருக்கிறார்கள்.

இனி, இந்தத் தொகுப்பின் மீது எனக்குள்ள அடிப்படைக் குறை. இரு பலகைகளிலும் சிறுநீர் செல்லும் திசையைக் காட்ட மஞ்சள் அம்புக்குறிகளை ஒட்டியிருக்கிறார்கள். முடிச்சிலிருந்து நுண்குழல், நுண்குழலிலிருந்து சேகரிப்பு நாளம், அங்கிருந்து சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை என்று எல்லா அம்புகளும் வெளியே போகின்றன. இரத்தத்துக்குத் திரும்பும் அம்பு ஒன்றுகூட இல்லை. சிறுநீரகம் என்ற பெயரே சிறுநீர் இருக்கும் இடம் என்று எண்ண வைக்கிறது. இந்த அம்புகளும் சேர்ந்துகொண்டால், அழுக்கை மட்டும் பிரித்து வெளியே தள்ளும் ஒரு சல்லடை என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் உறைந்துவிடும். சிறுநீரகத்தின் உழைப்பில் பெரும்பகுதி திரும்ப எடுத்துக்கொள்வதில்தான் செலவாகிறது.

இதை எப்படிக் காட்டுவது என்று யோசித்து, ஒருநாள் பிள்ளைகளிடம் பன்னிரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டுவரச் சொல்லி வராந்தாவில் வரிசையாக வைத்தேன். ஒரு குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். பன்னிரண்டு குடம் 180 லிட்டர். இரு சிறுநீரகங்களும் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 மில்லிலிட்டர் வீதம் ஒரு நாளில் வடிகட்டும் அளவு அது. நம் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதியே சுமார் 3 லிட்டர்தான். அதே மூன்று லிட்டர் நாள் ஒன்றுக்கு அறுபது முறை வடிகட்டப்படுகிறது. பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் குடங்களின் எதிரே வைத்து, வெளியே போவது இவ்வளவுதான் என்றேன். வாரத்தில் பாதி நாள் சரிவில் இறங்கித் தண்ணீர் சுமந்து வரும் பிள்ளைகள் அவர்கள். பன்னிரண்டு குடத்தின் கனம் என்னவென்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முன் வரிசைப் பெண் ஒருத்தி, "மறுபடி எடுத்துக்கத்தான் போகுதுன்னா, எல்லாத்தையும் எதுக்கு டீச்சர் வெளிய விடணும்? வேண்டாததை மட்டும் எடுத்துப் போட்டா ஆகாதா?" என்று கேட்டாள். என் ஆசிரியப் பணியில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்விகளில் அது ஒன்று. போகிக்கு முதல்நாள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று அவளையே திருப்பிக் கேட்டேன். பரணிலிருப்பது, அலமாரியிலிருப்பது எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து போட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்து வைப்போம் என்றாள். உடலும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. வேண்டாத பொருட்களின் பட்டியலுக்கு முடிவே இல்லை. இதுவரை கண்டிராத ஒரு மருந்தோ நஞ்சோ நாளைக்கே உள்ளே வரலாம். வேண்டியவையோ சிலதான்: நீர், சோடியம், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், பைகார்பனேட் போன்றவை. அவற்றை அடையாளம் கண்டு உள்ளே இழுக்கும் வாயில்கள் நுண்குழலின் சுவரில் இருந்தால் போதும்; பெயர் தெரியாதது வாசலிலேயே நின்றுவிடும். வாசலில் கிடப்பது போதாதென்று, ஹைட்ரஜன் அயனிகள், பொட்டாசியம், பென்சிலின் போன்ற மருந்துகள் ஆகியவற்றை நுண்குழல் தானாகவே இரத்தத்திலிருந்து எடுத்து வெளியே சேர்க்கவும் செய்கிறது என்பதையும் அன்றே சொல்லிவைத்தேன்.

இவ்வேலையில் மூன்றில் இரண்டு பங்கு, முடிச்சை அடுத்துள்ள அண்மைச் சுருண்ட நுண்குழலிலேயே முடிந்துவிடுகிறது. குளுக்கோஸ் முழுவதும் அங்கேயே திரும்ப எடுக்கப்படும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால் வாயில்கள் திணறி, மிஞ்சியது சிறுநீரில் இறங்கும், தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். நீர் இழிந்து போவதால் நீரிழிவு. நம் முன்னோர் வைத்த பெயரிலேயே உடலியங்கியல் இருக்கிறது என்று காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது.

நெஃப்ரான் மாதிரியில் நுண்குழலைச் சுற்றி இரத்த நாளங்கள் மேற்பகுதியில் மட்டும் அடையாளத்துக்கு இரண்டு மூன்று ஒட்டப்பட்டிருக்கின்றன. திரும்ப எடுத்த நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. கொலுசுக் கடையில் பொட்டலம் கட்டும் சிவப்பு நூலை வாங்கி, நுண்குழலின் முழு நீளத்துக்கும், அது கீழிறங்கித் திரும்பும் ஹென்லே வளைவின் அடிவரை, சுற்றிக் கட்டினோம். மஞ்சள் அம்புகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய அம்புகளை நூலை நோக்கி ஒட்டினோம். இப்போது அந்தப் பலகை சரியாக இருக்கிறது.

ஹென்லே வளைவைப் பற்றி இந்த மாதிரியைப் பாராட்டியே ஆக வேண்டும். பின்புலத்தில் கீழே போகப்போக நிறத்தை அடர்த்தியாக்கியிருக்கிறார்கள். உட்பகுதி ஆழத்தில் உப்புச்செறிவு இரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை உயர்வதை அந்த நிறமே சொல்லிவிடுகிறது. சேகரிப்பு நாளம் அந்த உப்பு நிலத்தின் ஊடாக இறங்கும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து நீர்காப்பு ஹார்மோன் வந்திருந்தால், நாளத்தின் சுவரில் நீருக்கான நுண்வாயில்கள் அமைந்து, நீர் வெளியே உறிஞ்சப்பட்டு, சிறுநீர் செறிவாகும். ஹார்மோன் குறைந்தால் வாயில்கள் மூடி, நீர்த்த சிறுநீர் நிறைய இறங்கும். இந்த நீர்வாயில்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு இது நேரடி அனுபவம். சேலத்தில் நடந்த தடகளப் போட்டிக்குப் போன இரண்டு மாணவர்கள், வெயிலில் ஒருநாள் ஓடிவிட்டு, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனதைப் பார்த்துப் பயந்து, காமாலையோ என்று என்னிடம் வந்து கேட்டார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில், வியர்வையே இல்லாமல் வளர்ந்தவர்கள் அப்படி ஒரு நிறத்தைக் கண்டதில்லை. பலகையில் அந்த அடர்ந்த நிறத்தைக் காட்டி, உங்கள் உடல் அன்று ஒவ்வொரு சொட்டையும் காப்பாற்றியிருக்கிறது என்று சொன்னேன்.

டயாலிசிஸ் பற்றிக் கேட்ட பையனுக்கும் இந்தப் பலகைதான் பதில் தந்தது. மெஷினில் மெல்லிய சவ்வின் ஒருபுறம் இரத்தமும் மறுபுறம் தயாரித்த திரவமும் ஓடுகின்றன. யூரியாவும் கிரியேட்டினினும் செறிவு குறைந்த திரவத்துக்குக் கசிந்துபோகும். மிகுதியான நீரை அழுத்த வேறுபாட்டால் இழுக்கிறார்கள். "மெஷின் நல்லதைத் திருப்பி எடுத்துக்குமா?" என்றான். எடுத்துக்கொள்ளாது, அதனால்தான் அந்தத் திரவத்தில் சோடியத்தை ஏறக்குறைய இரத்தத்தின் அளவிலேயே முன்கூட்டிக் கலந்து, அது வீணாக வெளியேறாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இரத்தச் சிவப்பணுக்கள் உருவாவதைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனையும் மெஷின் சுரக்காது. அவன் தந்தைக்கு அவ்வப்போது போடும் ஊசிகளில் ஒன்று அதற்காகவே இருக்கக்கூடும். சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்யும் வேலையை மெஷின் 12 மணி நேரத்தில் செய்ய முயல்கிறது என்றேன். அவன் பலகையின் சிவப்பு நூலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறுநீர்ப்பைக்கு வருகிறேன். 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர்க்குழாயை விறைப்பான பிளாஸ்டிக்கில் செய்திருப்பதால், அது தசையாலானது, அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுகிறது என்பது தெரியவில்லை. தலைகீழாக நின்றாலும் சிறுநீர் பைக்குத்தான் போகும் என்பதை வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் குழாயின் கடைசி இரண்டு சென்டிமீட்டரை உள்ளீடற்றதாகச் செய்து, பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்துச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி உள்ளே விட்டால், அது சுவருக்குள் சாய்ந்து ஓடி, பையின் உட்புறம் எட்டிப் பார்க்கிறது. பை நிறைந்ததும் அந்தச் சாய்வழி அழுந்தி மூடிக்கொள்வதால் சிறுநீர் மேலே திரும்புவதில்லை. இத்தனை நுட்பத்தை எதிர்பார்க்கவில்லை. செய்த கைகளுக்கு என் வணக்கம்.

வருத்தம் என்னவென்றால், மாதிரி ஆணுடையது மட்டுமே. பெண்ணின் சிறுநீர்ப் புறவழி, அதாவது பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய், சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆணுடையது 18 முதல் 20 வரை. கிருமி ஏறும் தூரம் குறைவாக இருப்பதால் நீர்க்கடுப்பும் தொற்றும் பெண்களுக்கு அதிகம் வருகின்றன. என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தங்கள் உடலைப் பலகையில் பார்க்க வேண்டாமா? மதியம் பெண்களை மட்டும் தனியே உட்காரவைத்து, அளவுகோலில் 4 சென்டிமீட்டரைக் காட்டிப் பேசினேன். பேசி முடித்த பின் மூன்று பேர் தனியாக வந்து கேட்டார்கள்.

மற்றவை சிறு விஷயங்கள். பாகங்களின் பெயர்த்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. பாடநூற்சொற்களைக் கொண்டு தமிழில் ஒன்று எழுதி ஒட்டினேன். சிறுநீரகங்களின் உச்சியில் ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சரியான வடிவில் இருந்தாலும் பசை விட்டு ஒன்று இரு முறை கழன்றது. நீல நாளத்தைப் பற்றிக் கடையில் சொன்னபோது, பார்வைக்கு அழகாக இருக்கிறதே, பிள்ளைகளுக்கு இது போதும் என்றார்கள். அந்தப் பதில் எனக்கு மிகவும் வலித்தது. உடைந்த பலகைத் தாங்கியை மட்டும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

வாங்க நினைக்கும் ஆசிரியர்கள் முதல் பலகையைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவதை வாங்குவதற்கு முன், வெளிச்செல் நுண்தமனியின் நிறத்தையும் பருமனையும், நுண்குழலைச் சுற்றித் தந்துகி வலை இருக்கிறதா என்பதையும் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். இல்லையென்றால் சிவப்புப் பெயின்டும் நூலும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பெண்ணின் சிறுநீர்ப்பைப் பலகை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். சொல்லிவைத்தால் மூன்று வாரத்தில் வரும் என்றார்கள். முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.